தொட்டால் சொல்லுங்கள்

ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்லைங்க, இந்தப் பக்கமா வந்தேன், சும்மா பிரஷர் பாத்துட்டுப் போலாம்னு" என்று சொன்னால், அவரைச் சீக்கிரம் அனுப்பிவிடாதீர்கள். ஒன்றுமில்லாதவர்கள் சும்மா ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அதுவும் இந்த மலையில், ஆடி மழையில், வேலை நேரத்தில்.

நானும் நர்ஸாக இருந்தவள் என்பதால் உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொன்னார்கள். பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன். பிரஷர் எப்படிப் பார்ப்பது, சர்க்கரைக்கு எப்படிக் குத்துவது, யாரை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கருவிகளும் மாறிவிட்டன. அதனால் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேலுச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு.

நடுவட்டத்திலிருந்து கூடலூருக்கு இறங்குகிற சாலையில் ஒரு வளைவில் இருந்த சிறிய சுகாதார நிலையம் அது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு அங்கே வந்தேன். கணவர் இறந்துவிட்டார், மகள் கல்யாணமாகிச் சென்னை போய்விட்டாள், குன்னூர் வீட்டைப் பூட்டிவிட்டு நிலையத்தின் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டேன். நாற்பது வயதைத் தாண்டியவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று எங்களுக்கு அப்போது உத்தரவு. தோட்டத்துப் பெண்கள் வந்தார்கள், கடைக்காரர்கள் வந்தார்கள். வேலுச்சாமி மட்டும் கூப்பிடாமல் வந்தார்.

அவர் மின்வாரிய லைன்மேன். அன்னூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முன்பு மூன்று பேர் பார்த்த ஏரியாவை அப்போது அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொருவர் மாற்றலில் போய்விட்டார், புது ஆள் வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் தினம் ஒரு யூகலிப்டஸ், எங்கள் பேச்சில் கற்பூர மரம், லைன்மேல் சாயும். அவர் முழங்கால் வரை வரும் கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, சரிவெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். எஸ்டேட் மேனேஜர் முதல் டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரிடமும் அவர் நம்பர் இருந்தது.

பிரஷர் அதிகமாக இருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

"டீயும் பேக்கரி வர்க்கியும்ங்க."

"மத்தியானம்?"

"எந்த எஸ்டேட்டுல வேலையோ, அங்க ஒரு டீயும் வர்க்கியும்."

"ராத்திரி?"

"புரோட்டாங்க. கடை சாத்திட்டான்னா..." என்று இழுத்து, அவரே சிரித்துவிட்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

"ஏனுங்க சிஸ்டர், நான் நடக்காத நேரம் எதுன்னு சொல்லுங்க. அந்த நேரத்துல உக்காந்துக்கறேன்."

நம் அறிவுரைகள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டவை. மலையில் இருப்பவருக்கு அதை அப்படியே படித்துக் காட்டினால் அவர் சிரிப்பார், அல்லது மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போவார். வேலுச்சாமி சிரித்தது என் நல்ல நேரம். சிரித்தவரிடம் அடுத்த கேள்வி கேட்கலாம்.

"கம்பூட்ஸைக் கழட்டுங்க, காலைப் பாக்கோணும்."

"வேண்டாம்ங்க, சேறு. நாறும்."

"நாறட்டும்ங்க."

கழற்றினார். பாதம் ஊறி வெளுத்திருந்தது. காயம் எதுவும் இல்லை. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை இருக்குமே, பாதத்தில் வைத்து லேசாக அழுத்தினால் வளையும், அதை எடுத்தேன்.

"கண்ணை மூடிக்கங்க. தொட்டால் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். நான் வலது கால் கட்டைவிரலில் தொட்டேன். விரலடியில், நடுப் பாதத்தில், குதிகாலில் தொட்டேன். பிறகு இடது கால். தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த மனிதர் கண்ணை மூடி உட்கார்ந்தே வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

"ஆரம்பிங்க சிஸ்டர், மழை விட்டா நான் போகோணும்" என்றார்.

நான் முடித்திருந்தேன்.

கண்ணைத் திறந்து என் கையிலிருந்த இழையைப் பார்த்தார். "தொட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்கெல்லாம்?" என்றார். எல்லா இடத்திலும் என்றேன். கொஞ்ச நேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவருடைய கால்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"முன்னயெல்லாம் மேல பாத்துட்டே ஏறுவனுங்க. கால் பாட்டுக்கு வரும். இப்ப ரொம்ப நாளா குனிஞ்சு குனிஞ்சு பாத்துத்தான் வைக்கறேன். வயசாச்சு, கண்ணுதான் மங்குதுன்னு நெனச்சேன்."

"மிஸ்ட்டு எறங்குனா எப்படிப் பாப்பீங்க?"

அவர் குனிந்து கம்பூட்ஸை எடுத்துக்கொண்டார்.

எங்கள் டாக்டர் சின்னப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம் இருக்கும், ஆனால் நிதானமானவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். "இனிமே நீங்க கம்பம் ஏறக்கூடாது. நான் சான்றிதழ் தர்றேன், ஆபீஸ்ல குடுத்துத் தரையில பாக்கற வேலை கேளுங்க" என்றார்.

"மழை முடியட்டுங்க டாக்டரம்மா."

"மழையிலதான் ஆபத்து."

"மழையிலதானுங்க வேலையும். நான் எறங்கிட்டா இங்க ஏறறதுக்கு யாரு இருக்கறாங்க, சொல்லுங்க."

சான்றிதழ் வாங்காமலே போய்விட்டார். அவர் போன பிறகு டாக்டரும் நானும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய இன்ஜினியருக்கு ஒரு போன் செய்தால் போதும். ஆனால் அவர் நம்மை நம்பிக் காட்டிய காலை, அவர் சம்மதம் இல்லாமல் எப்படி இன்னொருவரிடம் சொல்வது? சொல்லாமல் இருந்து, அவர் விழுந்துவிட்டால்? அடுத்த வாரம் மாத்திரைக்கு வருவார், அப்போது எப்படியாவது சம்மதிக்க வைப்போம், அப்போதும் மறுத்தால் அவரிடமே சொல்லிவிட்டு இன்ஜினியரிடம் பேசுவோம் என்று முடிவு செய்தோம்.

அந்த ஒரு வாரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. டாக்டர் ஒரு கூட்டத்துக்காக ஊட்டிக்குப் போயிருந்தார். மதியத்துக்குள் மேலேயும் கீழேயும் மரம் விழுந்து சாலை அடைபட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு ஜீப்பில் கொண்டுவந்தார்கள். முதல் பிரசவம். ஆம்புலன்ஸ் வர வழியில்லை. நானும் என்னோடு வேலை பார்த்த இன்னொரு நர்ஸும்தான் இருந்தோம். காலையிலேயே கரண்ட் போய்விட்டதால் இன்வெர்ட்டர் ஓடி ஓடி, கீச்சென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

"லைன்மேன் வந்துட்டாரு" என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த கம்பத்தில்தான் கிளை விழுந்து கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. மூடுபனி இறங்கியிருந்ததால் கம்பத்தின் பாதிக்கு மேல் தெரியவில்லை. வேலுச்சாமி தனியாக நின்று இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் துணையாக வர வேண்டியவர் விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

உள்ளே இருந்த நர்ஸிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த வாசலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த சில அடி தூரத்தில்தான் நான் யோசித்தேன். உள்ளே ஒரு தாய், ஒரு குழந்தை. வெளியே ஒரு மனிதர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவரை ஏறச் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. தலை சரியாக இறங்கியிருந்தது. கேஸ் அடுப்பில் வெந்நீர் இருந்தது, எங்கள் கைகள் இருந்தன, இரண்டு டார்ச் இருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பிரசவத்துக்குக் கட்டாயம் வேண்டிய எதுவும் மின்சாரத்தில் ஓடுவதில்லை. கரண்ட் வேண்டும் வேண்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது எனக்கிருந்த பயத்தால். அவசரத்தில் தேவையும் பயமும் ஒரே குரலில்தான் பேசும். பிரித்துக் கேட்கப் பழகுங்கள்.

அவர் கம்பத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறாதீங்க."

"சிஸ்டர், உள்ள பிரசவம்னு சொன்னாங்க..."

"உள்ள நான் பாத்துக்கறேன். நீங்க ஏறாதீங்க."

அந்தப் பெண்ணின் மாமனார் குடையை வீசிவிட்டு ஓடிவந்தார். "என்னம்மா இது? கரண்ட்டுக்கு ஆளு வந்து நிக்குது, நீ வேணாம்ங்கற?"

"இன்வெர்ட்டர் இருக்குதுங்க. எனக்கு அது போதும்."

அது பொய். அவருக்கும் கீச்சென்ற சத்தம் கேட்டிருக்கும்.

"எம் மருமகளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"நான் பதில் சொல்றேன்."

அவர் என்னைத் திட்டினார். எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை. ஜீப்பில் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏன் ஏறக்கூடாது என்ற காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் எல்லோரும் வாயை மூடியிருப்பார்கள். அந்த வரியைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் வேலுச்சாமியின் கால்களைப் பார்த்தேன். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. கம்பத்தின் உச்சி இருக்க வேண்டிய இடத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் மாமியாருடையது சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இருட்டில், "பயப்பிடாதே பிள்ள, அங்க லயத்துல குப்பி விளக்குலதான் நாங்க எல்லாம் பெத்தம்" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே அவர்தான் டார்ச்சைப் பிடித்தார். பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைத் தட்டினேன். அந்தச் சில நொடிகளில் வெளியே நின்ற கம்பத்தை நினைத்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. பிறகு அழுதது. தாயின் மார்போடு போட்டு இரண்டு கம்பளியால் மூடினோம். மறுநாள் மதியம் கூடலூரிலிருந்து ஆட்கள் வந்து லைனைச் சரிசெய்தார்கள்.

அன்று மாலையே வேலுச்சாமி வந்தார்.

"நேத்து அந்தப் பெரியவர் உங்களைப் பேசுனதெல்லாம் கேட்டுட்டுத்தான் நின்னனுங்க. இவனுக்குக் கால் மரத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"அது உங்க விஷயம்ங்க. நான் சொல்லப்படாது."

"டாக்டரம்மா வந்ததும் அந்த சர்ட்டிபிகேட்டைக் குடுக்கச் சொல்லுங்க. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றார்.

இந்த இடத்தில் நிறுத்தினால் வகுப்பில் சொல்ல வசதியான கதை. ஆனால் அவர் உடம்பும் வாழ்க்கையும் இந்த இடத்தில் நிற்கவில்லை.

அவருக்கு ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். வேறு இரண்டு பேர் ஏரியாவுக்கு வந்தார்கள். அவர் வர்க்கியை விட்டார், ஒரு குக்கர் வாங்கினார், மாத்திரையைத் தவறாமல் போட்டார். மாதா மாதம் வருவார். சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது, பிரஷர் சரியானது. எங்கள் அறிக்கையில் அவர் ஒரு வெற்றி. டாக்டர்கூட, "எல்லாரும் இவர மாதிரி இருந்தா எவ்ளோ நல்லாருக்கும் சிஸ்டர்" என்றார்.

ஒருமுறை பிரஷர் பட்டையைச் சுற்றும்போது, "இப்பெல்லாம் ஆறு மணிக்கே ஊட்டுக்கு வந்தர்றனுங்க" என்றார். நல்லதுதானே என்றேன். "நல்லதுதானுங்க. வந்து என்ன பண்றதுன்னுதான் தெரியறதில்லை" என்றார். டிவி பாருங்கள் என்றோ என்னவோ சொன்னேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். முன்பெல்லாம் அவர் போன் ஓயாமல் அடிக்கும். பரிசோதனை நடக்கும்போதே மூன்று பேருக்குப் பதில் சொல்வார். இப்போது அந்தப் போன் மேஜைமேல் சும்மா கிடந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான். அதைக் குறித்துவைக்க எங்கள் தாளில் இடம் கிடையாது.

மார்கழி வந்தது. நடுவட்டத்துக் குளிர் உங்களில் சிலருக்குத் தெரியும். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வேலுச்சாமி ஒரு பரிசோதனைக்கு வரவில்லை. அடுத்ததற்கு வந்தார். ஷூ போட்டிருந்தார்.

"நம்பரெல்லாம் நல்லாத்தான் இருக்கும்ங்க, பாத்துட்டு விடுங்க" என்றார்.

எண்கள் நன்றாகத்தான் இருந்தன. வெளியே கூட்டம் இருந்தது. ஆனாலும் ஷூவைக் கழற்றச் சொன்னேன். வலது கால் சாக்ஸ் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. உப்புத் தண்ணீர் விட்டு நனைத்துத்தான் எடுத்தோம். பாதத்தின் முன்பாதி வெந்து, தோல் உரிந்து, சீழ் வைத்திருந்தது.

"என்னங்க இது?"

அவர் எட்டிப் பார்த்தார். அவருடைய ஆச்சரியம் உண்மையானது.

சாயங்காலங்களில் இரும்புச் சட்டியில் கரி போட்டு வைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் காலை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் அப்படியே தூங்கிவிட்டார். எழுந்தபோது ஏதோ கருகிய வாடை. சாக்ஸ்தான் கருகியது என்று நினைத்து வேறு சாக்ஸ் மாட்டிக்கொண்டார். வலிக்காத காலை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? அந்த அறையில் இன்னொருவர் இருந்திருந்தால், "கால எடுங்க, வேகுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார் டாக்டர். அவர் அசையவில்லை. கடைசியில், தினமும் வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், ஒருநாள் தவறினாலும் ஊட்டிக்கு அனுப்பிவிடுவோம் என்ற பேச்சில் ஒத்துக்கொண்டோம். ஆபீஸ் ஜீப் அவரைக் கொண்டுவந்து விடும். காலை நோயாளிகள் எல்லாம் போன பிறகு, டிரஸ்ஸிங் அறையில் நானும் அவரும் மட்டும் இருப்போம். செத்த தோலை வெட்டி எடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்ட முக்கால் மணி நேரம் ஆகும். வலியே இல்லாததால் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். கத்தரிக்கோல் என் கையில் இருப்பதையே மறந்துவிடுவார்.

மனைவி சரஸ்வதி அன்னூரில் மில் வேலைக்குப் போகிறார். மகன் பெங்களூரில். மகன் படிப்புக்காகத்தான் மனைவி மலையிலிருந்து இறங்கினார். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, ஆனால் யாரும் இடம் மாறவில்லை. முதலில் வாரம் ஒருமுறை ஊருக்குப் போனவர், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு நோம்பி, பண்டிகை நாளுக்கு மட்டும்.

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லைங்க சிஸ்டர். போனா நல்லாக் கவனிப்பா. விருந்தாளியக் கவனிக்கற மாதிரி. எங்கூட்டுல டம்ளர் எங்கிருக்குதுன்னு நான் கேட்டுத்தான் எடுக்கோணும். ரெண்டாம் நாளே எப்படா பஸ் ஏறலாம்னு இருக்கும். இங்க வந்தா கம்பமாச்சும் என்னையத் தேடும்."

"சக்கரை இருக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்குங்க? அவளே ஷிப்ட்டு ஷிப்ட்டா நிக்கறா."

"கால்?"

தலையை ஆட்டினார். இல்லை.

நான் அவரை அவசரப்படுத்தவில்லை. காலில் புது சதை வர எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் எனக்கும் இருந்தது. ஒவ்வொரு நாளும் கட்டுக் கட்டி முடித்ததும் ஒரே விஷயத்தைச் சொல்வேன். "தினமும் ஒருதரம் யாராச்சும் இந்தக் காலை வெளிச்சத்துல வச்சுப் பாக்கோணும். உங்களுக்குத் தெரியாது. அடியைப் பாக்க உங்க கண்ணும் எட்டாது. கண்ணாடி வச்சும் பாக்கலாம். ஆனா நீங்க அசதியில விட்டுருவீங்க. யாரு பாப்பாங்கன்னு யோசிச்சு வைங்க." அவர் பேச்சை மாற்றுவார். மறுநாள் மறுபடி சொல்வேன்.

ஒரு மதியம் ஜீப்பில் அவரோடு ஒரு பெண் இறங்கினார். ஒல்லியான உடம்பு, மெல்லிய ஸ்வெட்டர், குளிரில் உதடு வெளுத்திருந்தது. முதல் நாள் இரவுதான் வேலுச்சாமி மனைவியிடம் போனில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். சரஸ்வதி விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார்.

"ஏனுங்க சிஸ்டர்," என்றார் உள்ளே வந்ததும், "இவருதான் சொல்லலை. நீங்களாச்சும் எனக்கொரு போனு பண்ணியிருக்கப்படாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அவரு சொல்லச் சொல்லலைங்க. அவரு சொல்லாம நான் சொல்ல முடியாது."

"அப்படி என்னங்க சட்டம்?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அதை நீங்களும் சந்திப்பீர்கள். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். கட்டைப் பிரித்து, எப்படிக் கழுவுவது, எவ்வளவு மருந்து வைப்பது, எந்த நிறம் வந்தால் பயப்பட வேண்டும் என்று காட்டினேன். மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற விரல்கள். ஒருதரம் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வேலுச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

சரஸ்வதி புண் இல்லாத இடத்தில், குதிகாலில், கையை வைத்து அழுத்தினார்.

"தெரியுதுங்களா?"

அவர் திரும்பவில்லை. "என்னது?" என்றார்.

சரஸ்வதி கையை எடுக்கவே இல்லை. அழவும் இல்லை. "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு, பஞ்சைத் தரும்படி என்னிடம் கையை நீட்டினார். அன்றைக்கு மிச்சக் கட்டு முழுவதையும் அவரே போட்டார்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் அன்னூருக்குக் கிளம்ப முடிவு செய்தார்கள். கிளம்புகிற அன்று கடைசியாக ஒருதரம் கட்டு மாற்ற வந்தார்கள். புண்ணின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகச் சதை ஏறியிருந்தது. மருந்து, பஞ்சு, துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அங்கே எந்த ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று சொன்னேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நாளையில இருந்து நீங்க இங்க வர வேண்டியதில்லைங்க."

"சரிங்க சிஸ்டர்" என்றார். ஷூவைப் போடும்போது குனிந்து பார்த்துக்கொண்டே போட்டார். சரஸ்வதி உள்ளே கையை விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்ததுதான். கூடலூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

புண் ஆறியது. ஒரு விரல்கூடப் போகவில்லை. அன்னூருக்குப் பக்கத்திலேயே தரையில் பார்க்கிற வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். சித்திரையில் போன் செய்தார். "தெனமும் பாக்கறாளுங்க. ஷிப்ட்டு முடிஞ்சு எத்தனை மணிக்கு வந்தாலும் லைட்டைப் போட்டுட்டுக் காலைக் காட்டுங்கறா" என்றார். டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். சிரித்தார்.

இவ்வளவுதான் வேலுச்சாமி. ஒருவரைப் பரிசோதிக்கும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறீர்கள். யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்றும் கேளுங்கள். எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்கிறீர்கள். வேலை முடிந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கூட்டம் இருந்தாலும் ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள்.

அவர்கள் போன மறுநாளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். காலை நோயாளிகள் போன பிறகு, பழக்கத்தில் டிரஸ்ஸிங் தட்டை எடுத்து, கத்தரிக்கோல், பஞ்சு, மருந்து எல்லாம் வரிசையாக வைத்துவிட்டேன். "யாருக்கு சிஸ்டர்?" என்று இன்னொரு நர்ஸ் எட்டிப் பார்த்துக் கேட்டாள். யாருக்கும் இல்லை என்று சொல்லி எடுத்து உள்ளே வைத்தேன். குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் ஏறியும் அறை சில்லென்று இருந்தது.

சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். வழக்கம் போல, "சாப்ட்டியாம்மா?" என்றாள்.

வழக்கமாக நான், "ஆச்சு கண்ணு" என்பேன். அவள், "சரிம்மா, வைக்கறேன்" என்பாள். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அன்றைக்கு, "இல்ல கண்ணு. ஒருத்திக்காகச் சமைக்கப் புடிக்கலை" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

"சொல்லும்மா" என்றாள்.